ஆடிக்கு முன் பால் காய்ச்சிய வீடு

எந்த ஊரில் போய்க் குடியிருப்பது என்று என் மருமகள் யோசித்துக்கொண்டிருந்த நாட்களில், நான் ஒன்றே ஒன்றைத்தான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் தேடுவது ஒரு ஆள் தங்குகிற இடமா, இரண்டு பேர் இருக்கிற வீடா என்பதுதான் அது. வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. அடுத்தவர் பேசும்போது நமக்கு வேண்டியது அதில் விழுகிறதா என்று பார்த்துப் பொறுக்கிக்கொள்வதுதான் சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த வழி.

என் மகன் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. திருவெறும்பூரில் ஒரு சின்னப் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தான். ஒரு நாள் காலையில் பல் துலக்கிவிட்டு வந்து நெஞ்சை அடைக்கிறது என்றான், நாற்காலியில் உட்கார்ந்தான், அவ்வளவுதான். கல்யாணம் ஆகி மூன்று வருஷம். குழந்தை இல்லை. மருமகளுக்கு அம்மா கிடையாது. அப்பா அரியலூர்ப் பக்கம் பெரிய மகன் வீட்டில் ஒரு ஓரமாக இருக்கிறார். காரியம் முடிந்த அன்று சொந்தக்காரர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, "இனிமே எங்கம்மா போகப்போற?" என்று கேட்டார்கள். "ஏன், என் வீட்டுல இருக்கேன்" என்றாள். அது வாடகை வீடு. ஆனாலும் அவள் அப்படிச் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் நான் அந்த ஒன்றரை வருஷமும் எழுந்து நடமாடினேன்.

வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம் வைத்திருப்பதாகவும் எங்கள் போர்ஷன் வேண்டும் என்றும் சொன்னபோதுதான் இந்தப் பேச்சு வந்தது. மருமகள் படித்தவள். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் பில்லைக் கம்ப்யூட்டரில் சரிபார்க்கிற கம்பெனியில் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் ஆபீஸ் இருக்கிறது, அங்கே போனால் சம்பளம் கொஞ்சம் கூட.

ஒரு நாள் அவள் தன் சிநேகிதியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் அவரைக்காய் நரம்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

"சென்னையில ஒரு ரூம் வாடகை என் சம்பளத்துல பாதிடி. அதுலயும் பாத்ரூம் பொதுவாம். தண்ணி லாரிக்குத் தனிக் காசு. பெங்களூரு பேச்சே வேணாம், அட்வான்ஸ் குடுக்க எங்கப்பா நெலத்தை விக்கணும். எங்கப்பாவுக்கு ஏது நெலம்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கு ஒரு ரூம் என்ற சொல் மட்டும்தான் கேட்டது. நரம்பு எடுத்த காயையே மறுபடி எடுத்து நரம்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாப்பிடும்போது அவளாகவே சொன்னாள். "அத்தை, எல்லாம் பாத்துட்டேன். நம்ம வருமானத்துக்கு மூச்சு விடற மாதிரி இருக்கறது திருச்சிதான். இங்கயே பாத்துருவோம். ரெண்டு ரூம் இருந்தா போதும்ல? ஒண்ணுல நான் வேலை பாப்பேன். நீங்க சீரியல் பாக்குற சத்தம் என் மீட்டிங்ல கேக்கக் கூடாது, அது ஒண்ணுதான் கண்டிஷன்."

"நான் சத்தமே வைக்க மாட்டேம்மா."

"அப்ப அவங்க அழறதை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா?"

அவள் சிரித்தாள். நான் எழுந்துபோய் இன்னும் நாலு அப்பளம் பொரித்துக்கொண்டு வந்து அவள் தட்டில் வைத்தேன். எதற்கு இத்தனை என்றாள். எண்ணெய் காய்ந்திருந்தது என்றேன்.

திருவெறும்பூர் மட்டும் வேண்டாம் என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. மளிகைக் கடையில் அவள் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். அவள் பையை எடுத்துக்கொண்டு திரும்பியதும் பின்னால், "அந்த வெல்டிங் தம்பி சம்சாரம், பாவம்" என்று ஒரு குரல் வரும். யாரும் கெட்டவர்கள் இல்லை. தக்காளி போடும்போது ஒன்று கூடவே போட்டார்கள். அந்தக் கூடுதல் தக்காளியை அவள் வீட்டுக்கு வந்து தனியாக எடுத்து வைத்துவிடுவாள், சமைக்க மாட்டாள். அது அழுகிப் போகும்.

புரோக்கர் ஒருவர் ஸ்கூட்டரில் முன்னால் போக, நாங்கள் ஆட்டோவில் பின்னால் போய் வீடு பார்த்தோம். மலைக்கோட்டை அடிவாரத்தில் ஜவுளிக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. கீழே துணிக் குடோன், மேலே இரண்டு அறை. மாடிப்படியில் ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாது.

"பாப்பா, இந்த மாதிரி எடம் கெடைக்காது. சென்னையில இந்தக் காசுக்கு ஜன்னல் மட்டும்தான் வாடகைக்குக் குடுப்பான்" என்றார் புரோக்கர்.

"தண்ணி எங்கண்ணே வரும்?"

"கீழ வரும்."

"கீழன்னா?"

"சந்து முனையில."

"குடத்தோட நான் ஏறும்போது எதுத்தாப்ல யாராவது எறங்குனா, பின்னாடியே எறங்கி சந்து முனைக்குப் போயிரணுமாண்ணே?"

புரோக்கருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். மகன் போனதற்கு அப்புறம் வெளியில் நின்று நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆனால் எல்லா வீட்டிலும் சிரிக்க முடியவில்லை. எத்தனை பேர் என்பார்கள். இரண்டு பேர் என்போம். ஆம்பளைங்க யாரும் இல்லையா என்பார்கள். பிறகு அவளுடைய வெறும் கழுத்தையும் என்னையும் ஒரு தடவை பார்ப்பார்கள். "நேத்துதாங்க ஒருத்தருக்குப் பேசி முடிச்சோம்" என்பார்கள். வாடகைக்கு என்று எழுதிய அட்டை கேட்டிலேயே ஆடிக்கொண்டிருக்கும். அவள் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள். வெயிலில் அவள் முகம் சிவந்துபோயிருக்கும். "வாங்க அத்தை, இளநி குடிப்போம்" என்பாள்.

ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம் ஒரு மாடி போர்ஷன் காலியாக இருப்பதாகச் சொன்னார்கள். கீழே ஒரு ஐயங்கார் மாமியும் மாமாவும் இருந்தார்கள். மாமி வாசலிலேயே நிறுத்தி எங்களை நன்றாகப் பார்த்தார்.

"எங்களவாதான் வரணும்னு இல்லை. போன தடவை வந்த எங்களவா குழாய்க்கு நூறு கேள்வி கேட்டுட்டுப் போனா. ஆனா ஒண்ணு, கீழ நான் தளிகை பண்ணி பெருமாளுக்குக் கண்டருளப் பண்றேன். மேலேர்ந்து முட்டை வாசனைகூட வரப்படாது."

"வராதுங்க" என்றாள் மருமகள். அவளுக்கு முட்டை இல்லாமல் சோறு இறங்காது. என் பக்கம் திரும்பி மெதுவாக, "சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஆம்லெட் போடறாங்கல்ல, போதும்" என்றாள்.

"என்ன சொல்றா பொண்ணு?" என்றார் மாமி. "உங்க பொண்ணுதானே?"

நான் வாயைத் திறப்பதற்குள், "ஆமா மாமி" என்று அவள் சொல்லிவிட்டாள்.

எனக்குப் பெண் குழந்தை இல்லை. அந்த வார்த்தை கேட்டதும் கண்ணில் நீர் முட்டியது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. அவள் என் பெண் என்றால் என் மகன் யார்? மாமி அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். "கல்யாணத்துக்குப் பாத்துண்டிருக்கேளா?"

"மாமி, தண்ணி எத்தனை மணிக்கு ஏறும்?" என்று கேட்டாள் மருமகள்.

மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் காவிரிப் பக்கத்துக் காற்று முகத்தில் அடித்தது. வாடகை நாங்கள் நினைத்ததற்குள் வந்தது. அவள் பெரிய அறையின் ஜன்னலோரம் நின்று, இங்கேதான் மேஜை என்று சுவரைத் தட்டிக் காட்டினாள்.

ஆனி மாசக் கடைசி அது. ஆடியில் யாரும் குடி போக மாட்டார்கள். மாமிதான் வழி சொன்னார். "ஆடி பொறக்கறதுக்கு முன்னாடி பாலைக் காய்ச்சிடுங்கோ. வீடு உங்களுதாயிடும். சாமானை ஆவணி பொறந்ததும் ஏத்திக்கலாம். ஆடிக்குப் பாதி வாடகை குடுத்தாப் போறும்."

ஊரில் எல்லோரும் செய்வதுதான். பாலைக் காய்ச்சிவிட்டால் குடி போனதற்குச் சமம். எனக்கும் ஆடியில் சாமான் ஏற்ற மனசு வராது. மருமகள் மட்டும், "ஆளே இல்லாத வீட்டுக்கு எதுக்கு அத்தை பாதி வாடகை? அடுப்புக்கு மாசம் தெரியுமா?" என்றாள். ஆனாலும் சரி என்றாள். அந்த ஒரு மாசம் இல்லாமல் நேராகக் குடி போயிருந்தால் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். நினைத்து என்ன.

பால் பொங்க வைக்க ஒரு சுமங்கலி வேண்டும். மாமி அன்று காலையில் பெருமாள் சேவிக்கப் போவதாகவும் எங்கள் மனிதர்களில் ஒருவரை அழைத்துவரும்படியும் சொல்லி, முதல் நாளே சாவியைக் கொடுத்துவிட்டார். திருவெறும்பூரில் எங்கள் எதிர்வீட்டுக்காரியிடம் சொன்னேன். என் மகனை அவளுக்குச் சின்னப் பையனாக இருந்ததிலிருந்து தெரியும். என்னைப் பெரியம்மா என்பாள். மனசில் ஒன்றும் இல்லை, வாயில் கதவு இல்லை. வருகிறேன் என்று தாம்பாளம் முதற்கொண்டு எடுத்து வைத்தாள்.

நாங்கள் முன்னாலேயே போய்க் கூட்டிப் பெருக்கிக் கோலம் போட்டு, புது அடுப்பில் மஞ்சள் வைத்துக் காத்திருந்தோம். அவள் வந்த பஸ் காவிரிப் பாலத்தில் நின்றுவிட்டது. போன் செய்தால், "இந்தா வந்துட்டேன், முன்னாடி ஒரு லாரி, அதுக்கு முன்னாடி இன்னொரு லாரி" என்கிறாள். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. அதற்கப்புறம் ராகு காலம்.

"நீங்க வைங்க அத்தை" என்றாள் மருமகள்.

"நானா?" என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் வாழைக்காய் மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். அவர் போனதிலிருந்து எந்த நல்ல காரியத்திலும் நான் முன்னால் நின்றதில்லை. நிற்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, நானே பின்னால் போய்விடுவேன்.

"அப்ப நான் வைக்கவா? நானும் உங்க கேஸுதான்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு பால் பாத்திரத்தின் ஒரு பக்கத்தை என் கையில் கொடுத்து, மறுபக்கத்தை அவள் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து அடுப்பில் வைத்தோம். தீப்பெட்டியை உரசினேன், முதல் குச்சி ஒடிந்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பால் பொங்கியது. கிழக்குப் பக்கம்தான் வழிந்தது. அவள், "பாத்தீங்களா, பாலுக்கு நாம யாருன்னு தெரியல" என்றாள். சர்க்கரை போட்டு ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தோம். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, வெறும் வீட்டில் எங்கள் பேச்சு எதிரொலிப்பதைக் கேட்டுக்கொண்டு குடித்தோம். என் வாழ்க்கையில் நான் இருந்த வீடுகளில் எதையும் இது என் வீடு என்று நினைத்ததில்லை. அன்றைக்கு நினைத்தேன்.

எதிர்வீட்டுக்காரி வேர்க்க விறுவிறுக்க மாடியேறி வந்து பாத்திரத்தைப் பார்த்தாள். "நீங்களே வச்சிட்டீங்களா?" என்றாள். "ரெண்டு பேருமா?" அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு, "சரி, எனக்கு எங்க டம்ளரு?" என்று உட்கார்ந்துவிட்டாள்.

ஆடி பிறந்தது. பால் காய்ச்சிய வீட்டைப் பூட்டியே போடக் கூடாது என்று வெள்ளிக்கிழமை தோறும் நான் போய் விளக்கு ஏற்றினேன். திருவெறும்பூரிலிருந்து சத்திரம், சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கம். தனியாக இரண்டு பஸ் மாறிப் போனது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. சாவியை ஜாக்கெட்டுக்குள் வைத்திருப்பேன், பஸ்ஸில் அடிக்கடி தொட்டுப் பார்ப்பேன். விளக்கை ஏற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கிரைண்டர் எங்கே, ஃபிரிட்ஜ் எங்கே, அவள் மேஜைக்கு எந்த ஜன்னல் வெளிச்சம் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் மீட்டிங்கில் இருக்கும்போது நான் மொட்டைமாடியில் வற்றல் காயவைக்கலாம். அவள் வேலை முடிந்ததும் இரண்டு பேரும் அம்மாமண்டபம் வரை நடந்துவிட்டு வரலாம். நான் ஆசைப்பட்டது இவ்வளவுதான்.

மாமி மாடியேறி வந்து சர்க்கரைப் பொங்கல் கொடுப்பார். "உங்க பொண்ணு ஜாதகம் இருக்கோ? பாங்குல ஒரு பையன் இருக்கான், உங்க ஜனம்தான். என் ஆத்துக்காரர்கிட்ட சொல்லி விசாரிக்கச் சொல்லட்டுமா?"

நான் தலையைக் குனிந்து சிரித்துவைத்தேன். உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. மருமகள் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது?

வீட்டுக்குப் போய் அவளிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "பையனுக்குத் தலையில முடி இருக்கான்னு கேட்டீங்களா?" என்றாள். "நீங்கதானே மாமியாரு, கேக்க வேணாமா?" அப்புறம் சட்டென்று சிரிப்பு நின்றது. எழுந்து உள்ளே போய்க் கம்ப்யூட்டரைத் திறந்துகொண்டாள். வெகு நேரம் அதில் எதுவும் தட்டுகிற சத்தம் வரவில்லை.

பதினெட்டாம் பெருக்கு வந்தது. மாமி எங்களை அம்மாமண்டபத்துக்கு அழைத்திருந்தார். எதிர்வீட்டுக்காரியும் காவிரியைப் பார்க்க வேண்டும் என்று எங்களோடு வந்தாள். அன்றைக்குக் கூட்டம் சொல்லி முடியாது. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் தாலிக் கயிறு மாற்ற மாப்பிள்ளையோடு வந்து படித்துறை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். காவிரியில் தண்ணீர் படியைத் தொட்டுக்கொண்டு ஓடியது. பழம், காதோலை கருகமணி, பூ எல்லாம் மிதந்து போய்க்கொண்டிருந்தன. மாமி காவிரிக்குப் படைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றை எடுத்து முதலில் தான் கட்டிக்கொண்டார். கல்யாணம் ஆகாத பெண்களுக்கும் அன்றைக்கு அந்தக் கயிறு கட்டுவது வழக்கம். சீக்கிரம் கல்யாணம் கூடும் என்பார்கள்.

"வாடி கொழந்தே, கிட்ட வா. அடுத்த பெருக்குக்கு நீயும் இப்படி ஜோடியா வரணும்" என்று மாமி கயிற்றை விரித்துப் பிடித்தார்.

அவள் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி நழுவிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அன்றைக்குத் தண்ணீர் எப்போது ஏறும் என்று கேட்ட மாதிரி எதையாவது கேட்பாள். அவளோ படியில் ஒரு காலை இறக்கி வைத்து, பின்னலை ஒதுக்கிக்கொண்டு கழுத்தைக் குனிந்து கொடுத்தாள்.

"ஐயய்யோ! அவளுக்குக் கட்டாதீங்க!" என்று எதிர்வீட்டுக்காரி மாமியின் கையைப் பிடித்துவிட்டாள். "அவ இவங்க மருமவ. பெரியம்மா மவன் தவறிட்டாருல்ல, அந்தத் தம்பி சம்சாரம்."

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தண்ணீரில் நின்ற ஒரு புதுப் பெண்ணை அவள் மாமியார் இந்தப் பக்கம் பார்க்காமல் திருப்பி நிறுத்தினாள். மாமியின் கையில் கயிறு அப்படியே இருந்தது. மருமகள் குனிந்த தலையை உடனே நிமிர்த்தவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் அவள் பிடரியைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேர்வையில் முடி ஒட்டியிருந்தது. சின்னப் பெண்ணின் பிடரி.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார் மாமி. கோபம் இல்லை. கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, தூக்குச் சட்டியைத் திறந்து எங்களுக்குப் புளியோதரை கொடுத்தார். அவளுக்கு மட்டும் இரண்டு கரண்டி கூட வைத்தார். "சாப்டுடி கொழந்தே. உன்னை நான் பாத்துக்கறேன்" என்று அவள் தலையைத் தடவினார்.

அவள் அதைச் சாப்பிட்டாள். கையைக் காவிரியில் கழுவினாள். "கிளம்பலாமா அத்தை?" என்றாள். மாமியின் முன்னால் அவள் என்னை அத்தை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கு அவள் கழுத்தைக் குனிந்ததை யாரிடமும் நான் சொன்னதில்லை. மகனைப் பெற்றவளுக்கு அது எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. ஒரு பக்கம் என் மகன் இரண்டாம் தடவை போனது போல் இருந்தது. இன்னொரு பக்கம், அந்தக் கயிறு விழுந்திருக்கக் கூடாதா என்றும் இருந்தது.

சில நாள் போயின. ஒரு காலையில் நான் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அத்தை, கோயம்புத்தூர் ஆபீஸ்ல கேட்டேன். வரச் சொல்லிட்டாங்க."

தோசையைத் திருப்பினேன். அது இன்னும் வேகவில்லை, பிய்ந்துபோனது.

"அங்க வாடகை கூடத்தானேம்மா?" என்றேன். என்னால் கேட்க முடிந்தது அதுதான்.

"கூடத்தான். வீடெல்லாம் எடுக்க முடியாது. லேடீஸ் ஹாஸ்டல்தான், ஒரு ரூமுக்கு மூணு பேரு. இங்க ரெண்டு ரூமுக்குக் குடுக்கறதை அங்க ஒரு கட்டிலுக்குக் குடுக்கணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "இங்க எல்லாம் கம்மிதான் அத்தை. ஆனா எந்தத் தெருவுல நின்னாலும் நான் யாருன்னு யாராவது ஒருத்தங்க சொல்லிட்டே இருக்காங்க. ஆத்தைத் தாண்டி வந்தும் அதான். அவங்க பாவம்னு சொல்றப்ப எனக்கு மூச்சு முட்டுது. திட்டுனாக்கூடத் தாங்கிப்பேன்."

நான் பிய்ந்த தோசையைக் கல்லிலிருந்து சுரண்டி எடுத்தேன்.

"நீங்க…" என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை.

"நான் ஜீயபுரத்துக்குப் போறேம்மா, தம்பி வீட்டுக்கு. அவன் ரொம்ப நாளாக் கூப்பிட்டுட்டே இருக்கான்" என்றேன். தம்பி என்னைக் கூப்பிட்டதே இல்லை. அவன் இருப்பது இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்த கடனோடு ஒரு சின்ன வீட்டில். அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும், "அப்படியா அத்தை, நல்லதுதான்" என்றாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அடுப்பில் கல் புகைந்துகொண்டிருந்தது. நான் எட்டி அணைத்தேன்.

எதிர்வீட்டுக்காரி கேள்விப்பட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அன்னைக்கு நான் சீக்கிரம் வந்திருக்கணும் பெரியம்மா. நீங்க ரெண்டு பேரும் பாலை வச்சதை நான் அப்பவே நெனச்சேன்" என்றாள். அம்மாமண்டபத்தில் அவள் சொன்னது அவளுக்கு நினைவிலேயே இல்லை. எனக்கு அவளிடம் சண்டை போடத் தெரியவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன்.

ஆவணி பிறந்தது. சாமான் ஏற்ற வேண்டிய நாளில் சாவியைத் திருப்பிக் கொடுக்க நானும் அவளும் போனோம். மாமி வாசலில் நின்று, "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "இல்லீங்க, வேலை அங்க மாத்திட்டாங்க" என்றேன். "பாலைக் காய்ச்சிட்டு ஒரு வேளைகூடச் சாப்பிடாமப் போறேளே" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மேலே போய் விளக்கை எடுத்துக்கொண்டு, ஒரு தடவை பெருக்கிவிட்டு வந்தேன். மருமகள் மேலே வரவில்லை. கேட்டில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோயம்புத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளிடம் புளிச்சாதப் பொட்டலத்தையும் அவித்த முட்டையையும் கொடுத்தேன். "முட்டையா?" என்று சிரித்தாள். "இனிமே யாரு கேக்கப்போறாங்க?" என்றேன். பஸ் திரும்பும் வரை கையை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டே போனாள்.

முதலில் தினமும் பேசினாள். ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும், கூட இருக்கிற ஒருத்தி தூக்கத்தில் கணக்குச் சொல்கிறாள் என்றெல்லாம் சொல்லிச் சிரிக்கவைத்தாள். ஒரு நாள் கொஞ்சம் தயங்கி, "அத்தை, இங்க எனக்குக் கல்யாணம் ஆகலைன்னு சொல்லியிருக்கேன். அப்பத்தான் கேள்வி வராது. தப்பா நெனச்சிக்காதீங்க" என்றாள்.

"அதுல என்னம்மா இருக்கு" என்றேன்.

எனக்கு உண்மையாகவே அதில் வருத்தம் வரவில்லை. அப்புறம்தான், ஜீயபுரத்தில் தம்பி வீட்டுக்குப் பின்னால் வாழைத்தோப்புப் பக்கம் ஈரத் துணி காயப்போடும்போது, மெல்ல மெல்லப் புரிந்தது. அந்த ஊரில் அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அப்படியென்றால் அங்கே அவளுக்கு மாமியார் எப்படி இருக்க முடியும்?

அதற்கப்புறம் அவள் போன் செய்தால் மாடிப்படியிலோ ரோட்டிலோ நின்றுதான் பேசுகிறாள் என்று தெரிந்துகொண்டேன். பின்னால் வண்டிச் சத்தம் கேட்கும். தினமும் என்பது வாரம் ஒரு தடவை ஆனது. நானாகப் போட்டால் அவளுக்கு இடைஞ்சல் என்று நான் போடுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை என்னையறியாமல் போட்டுவிட்டேன். முந்தின நாள் ஆடு வெட்டியிருந்தார்கள், அவளுக்குப் பிடித்த குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, அந்த வாசனையில் கை தானாகப் போய்விட்டது. அவள் எடுத்தாள். உள்ளே பெண்கள் சிரிக்கிற சத்தம். "யாருடி, ஞாயித்துக்கிழமை காலங்காத்தால?" என்று ஒரு குரல் கேட்டது.

"ஊர்ல இருந்து" என்று அவள் அந்தப் பக்கம் சொன்னாள். பிறகு என்னிடம், "நல்லாயிருக்கீங்களாங்க? நான் அப்புறம் கூப்பிடுறேங்க" என்றாள். போனில் அத்தை என்கிற சொல் இல்லாமல் அவள் என்னிடம் அதுவரை பேசியதில்லை. குரல் நன்றாக இருந்தது. சாப்பிட்டுத் தூங்கி எழுந்த குரல். சந்தோஷமாகத்தான் இருக்கிறாள்.

"சரிங்க" என்று வைத்துவிட்டேன்.

தம்பி சம்சாரம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாரு அண்ணி, உங்க மருமவளா? எப்ப வர்றாளாம்?"

"இல்ல" என்றேன். "ராங் நம்பரு."

அவள் நம்பினாளோ என்னவோ, ஒரு வாழைப்பூவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, உரிக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.